குன்னத்தூர் சத்திரத்துத் தையல் கடையும் டென்மார்க்குப் பச்சையும்

மதுரையில் பள்ளி அணிகளுக்கு விளையாட்டுச் சீருடை தைக்க நல்ல கடை எது என்று தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மேலூருக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். உடற்கல்வி ஆசிரியரோடு சேர்ந்து பள்ளியின் கால்பந்து அணியையும் கவனித்துக்கொள்கிறேன். கடந்த ஆடி மாதத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு 16 ஜோடி சீருடை தைத்து வாங்கினோம். தைத்துக் கொடுத்தது, மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்கே புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தாத்தா காலத்திலிருந்து தையல் இயந்திரம் மிதித்து, அங்கிருந்த கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டபோது தானும் மூட்டை கட்டிக்கொண்டு போன ஒரு சிறிய கடை. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். இப்போதே கைக்கு மீறி வேலை இருக்கிறதாம். சத்திரத்துக்குள் நுழைந்து, அழகர் வேடத்துக்குத் துணி தைப்பதோடு பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும் தைக்கிற பாய் கடை எது என்று இரண்டு பேரைக் கேட்டால் மூன்றாமவர் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

விளையாட்டுச் சீருடைக்கு ஏன் அங்கே போக வேண்டும் என்று கேட்கலாம். முந்தைய ஆண்டு நாங்கள் வேறோர் இடத்தில் ஆயத்த ஜெர்சிகளை மொத்தமாக வாங்கினோம். பளபளவென்று மின்னிய அந்தத் துணி பங்குனி வெயிலில் பிள்ளைகளின் முதுகில் பிளாஸ்டிக் தாளைப் போல ஒட்டிக்கொண்டது. நான்காவது சலவையில் முதுகிலிருந்த எண்கள் ஓரத்திலிருந்து சுருண்டு உரியத் தொடங்கின. மண்டலப் போட்டியில் எங்கள் 8ஆம் எண் ஆட்டக்காரர் 3ஆம் எண்ணாகத் தெரிந்து, நடுவர் ஆட்டத்தை நிறுத்திச் சீட்டோடு சரிபார்க்க வேண்டியதாயிற்று. திரும்பக் கொண்டுபோனபோது, விற்ற பொருளுக்குப் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். முன்னாள் மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த பணம் அது. இந்த முறை துணியைத் தொட்டுப் பார்த்து, அளவெடுத்துத் தைக்கிற ஒருவரிடமே கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகள். 12ஆம் வகுப்பில் போர் அணு மாதிரி நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், எலெக்ட்ரானின் சுற்றுப்பாதைகளைக் கரும்பலகையில் வரைந்து முடித்த கையோடு, இதைச் சொன்ன நீல்ஸ் போர் இளமையில் ஒரு கால்பந்து அணியின் கோல்கீப்பர் என்று சொல்லிவைத்தேன். வகுப்பின் கடைசி வரிசை அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தது. எந்த அணி, எத்தனை கோல் தடுத்தார், என்ன நிறச் சட்டை என்று கேள்விகள் வந்தன. அந்த அணியின் பெயர் அகடமிஸ்க் போல்ட்கிளுப், டென்மார்க்கில் ஏ.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கல்விக்கூடத்தாரின் பந்துக் கழகம் என்று பொருள் கொள்ளலாம். நிறம் பச்சையும் வெள்ளையும். அடுத்த வாரமே அணித் தலைவன் வந்து, "சார், இந்தத் தடவை நமக்கும் பச்சை வெள்ளை" என்றான்.

எனக்கு இந்தக் கழகத்தின் மேல் நெடுநாளாகவே ஈடுபாடு உண்டு. ஐரோப்பாவின் பெரிய கழகங்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எனக்குச் சொல்வார்கள். ஆனால் படிப்பும் பந்தும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு, ஒருவர் இருவரை அல்ல, ஒரு கழகத்தையே சான்றாகக் காட்ட முடிவது ஏ.பி.யிடம்தான். 1876இல் தொடங்கப்பட்டு, ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பழைய கழகங்களில் ஒன்றாக எண்ணப்படும் கே.பி. என்கிற கோபன்ஹேகன் கழகத்தைவிட ஏ.பி. 13 ஆண்டு இளையது. 1889 பிப்ரவரி 26 அன்று, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஒரு மாணவர் சங்கமும், பாலிடெக்னிக் மாணவர்களின் பந்தாட்டச் சங்கமும் கோபன்ஹேகனில் ஒன்றாக இணைந்தபோது அது பிறந்தது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் டென்மார்க்கின் கால்பந்துச் சம்மேளனமும் அமைக்கப்பட்டது. நாட்டின் ஆட்டமும் இந்த மாணவர் கழகமும் ஒரே வயதுக்காரர்கள் என்று சொல்லிவிடலாம்.

இந்த வரலாற்றுக்கும் தையல் கடைக்கும் என்ன தொடர்பு என்றால், கடைக்காரர் அதைக் கேட்ட பிறகுதான் துணியில் கத்திரி வைத்தார். இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமும் அதுவே.

முதல் நாள் நாங்கள் மூன்று பேர் போனோம்: நானும் அணித் தலைவனும் கோல்கீப்பர் பையனும். பத்தடிக்கு எட்டடி இருக்கும் கடையில் இரண்டு சாதாரண இயந்திரம், ஓர் ஓவர்லாக் இயந்திரம், வெட்டு மேசை, சுவரில் மாட்டிய சிவப்பு வெல்வெட்டுச் சல்லடம் ஒன்று, மேல் தட்டில் ஜிகினாச் சுருள்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உருமாலும் கச்சையும் சல்லடமும் தைப்பதுதான் அவர்களுடைய பரம்பரைத் தொழில். நான் கொண்டுபோயிருந்த தாளில், மாதிரிச் சட்டையின் படத்துக்கு மேல், "போர் சட்டை – 16" என்று அணித் தலைவன் எழுதியிருந்தான். பாய் கண்ணாடியை மூக்கில் இறக்கி அதை இரண்டு முறை படித்தார். "போருக்கா சார்? நாடகமா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா?" என்று கேட்டார். வீரர் உடை என்று நினைத்து, மார்புக் கவசத்துக்கு ரெக்சின் வேண்டுமா என்றும் விசாரித்தார். போர் என்பது ஓர் அறிவியலாளரின் பெயர், அவர் பந்து விளையாடியவர், அவருடைய கழகத்தின் நிறத்தில்தான் சட்டை கேட்கிறோம் என்று விளக்கினேன். மேசையிலிருந்த துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அப்ப உக்காருங்க, முழுசாச் சொல்லுங்க. யாரு எதுக்குப் போடுறாங்கன்னு தெரியாம நான் வெட்டுறதில்ல" என்றார்.

தேநீர் வந்தது, சொன்னேன். போர் வீட்டில் பந்து விளையாடியவர்கள் இருவர். மூத்தவர் நீல்ஸ், 1885இல் பிறந்தவர். இளையவர் ஹரால்ட், 1887இல் பிறந்தவர். உண்மையில் சிறந்த ஆட்டக்காரர் தம்பிதான். ஹரால்ட் 1903இல் தம் 16ஆவது வயதில் ஏ.பி.யின் அணிக்குள் வந்தார். 1905இல் அண்ணன் கோல் கம்பத்துக்கு நடுவிலும் தம்பி அவருக்கு முன்னாலுமாக இருவரும் சேர்ந்தே ஆடினார்கள். நீல்ஸ் நாட்டுக்காக ஒருபோதும் ஆடவில்லை. ஹரால்ட் ஆடினார். 1908இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் டென்மார்க் தன் முதல் அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் பிரான்சின் இரண்டாவது அணியை 9-0 என்று வென்றபோது அவற்றில் இரண்டு கோல் ஹரால்ட் அடித்தவை. அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் முதல் அணிக்கும் அதே கதிதான்: 17-1. அதில் பத்து கோலை சோஃபுஸ் நீல்சன் என்ற ஒரே ஆள் அடித்தார். இறுதி ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார்கள்.

ஹரால்டின் கதையில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பின்னால் வருகிறது. 1910இல் அவர் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை அவையின் முன் வைத்து வாதிட்டபோது, கூடியிருந்தவர்களில் கணித அறிஞர்களைவிடக் கால்பந்து ரசிகர்களே அதிகம் என்று சொல்லுவார்கள். ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஆட்டக்காரர் என்ன பேசுகிறார் என்று, ஒரு வரியும் புரியாவிட்டாலும், பார்க்க வந்த கூட்டம் அது. அவர் பின்னாளில் ஏறத்தாழக் காலமுறைச் சார்புகள் என்ற கணிதப் பிரிவையே நிறுவினார். அண்ணன் நீல்ஸ் 1913இல் அணு மாதிரியை வெளியிட்டு, 1922இல் நோபல் பரிசு பெற்றார். நீல்ஸின் மகன் ஆகே 1975இல் இயற்பியலுக்கே நோபல் பெற்றார். இன்னொரு மகன் எர்னஸ்ட் 1948 ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் ஹாக்கி அணியில் ஆடினார். பாய் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே சட்டைதானே போட்டிருப்பாங்க? அப்ப அண்ணன் சட்டையைத் தம்பிக்குக் குடுத்தா பொருந்துற மாதிரி தைக்கணும்" என்றார். சொன்னது வேடிக்கையாகப் பட்டாலும் அதில் தொழில் நுட்பம் இருந்தது. பள்ளி அணியின் சட்டை ஒரே பையனிடம் நிற்பதில்லை. இந்த ஆண்டு 12ஆம் வகுப்பு முடித்துப் போகிறவனுடையது அடுத்த ஆண்டு 10ஆம் வகுப்புப் பையனுக்கு வரும். எனவே பக்கத் தையலில் ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைத்தார். பிரித்தால் 36 அளவு 38 ஆகும். ஆயத்த ஜெர்சியில் இது கிடைக்காது.

துணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று வகை காட்டினார். ஒன்று, நாங்கள் முந்தைய ஆண்டு பட்ட பாட்டை நினைவூட்டிய பாலியஸ்டர். ஆனால் இதில் பொடித் துளைகள் இருந்தன, காற்று போகும். இரண்டாவது, திருப்பூரிலிருந்து வரும் சுத்தப் பருத்தி பனியன் துணி. தொடுவதற்கு இதம், வியர்வையை உறிஞ்சும், ஆனால் உறிஞ்சியதை விடாது, பாதி ஆட்டத்தில் கனத்துவிடும். மூன்றாவது, இரண்டும் கலந்த இன்டர்லாக் துணி. பாய் ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளித் தண்ணீரை விட்டு அது எப்படிப் பரவுகிறது என்று பையன்களைப் பார்க்கச் சொன்னார். பருத்தியில் துளி அங்கேயே நின்று கறுத்தது. கலப்புத் துணியில் விரல் அகலத்துக்குப் பரவி, நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் காய்ந்தது. அடுத்து, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பச்சைத் துணியின் மேல் அழுத்தித் தேய்த்தார். முதல் சுருளில் கைக்குட்டை வெளிர் பச்சையானது, அதை எடுத்து ஒதுக்கிவிட்டு இரண்டாவது சுருளைப் பிரித்தார், அதில் ஒட்டவில்லை. வெள்ளைக் காலரும் பச்சை உடம்பும் ஒரே சட்டையில் வரும்போது சாயம் போகிற துணியை எடுத்தால் முதல் சலவையோடு காலர் கெட்டுவிடும் என்று பையன்களிடமே விளக்கினார். மூன்றாவது வகையில், சாயம் போகாத சுருளிலிருந்து எடுத்தோம்.

எந்தப் பச்சை என்பதில் சிறிய விவாதம் நடந்தது. அணித் தலைவன் கிளிப்பச்சை கேட்டான். பாய் மேல் தட்டிலிருந்து ஒரு பட்டுத் துண்டை இறக்கினார். இலைப்பச்சைக்கும் கரும்பச்சைக்கும் இடைப்பட்ட ஆழ்ந்த நிறம். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அந்த ஆண்டு செழிப்பு என்று மதுரை மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. "பச்சை எங்களுக்குப் புதுசு இல்ல சார். எந்தப் பச்சை வெயில்ல நிக்கும், எது ராத்திரி விளக்குல கறுப்பாத் தெரியும்னு எங்க அத்தா காலத்துலேயே பார்த்தாச்சு" என்று சொல்லி, அந்தப் பட்டோடு ஒப்பிட்டு இன்டர்லாக் துணியில் அதே நிறத்தை எடுத்துக் கொடுத்தார். கோபன்ஹேகனின் மாணவர் கழகத்துப் பச்சை எங்கள் ஊரில் அழகர் பச்சையாக வந்து சேர்ந்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. நாங்கள் ஏ.பி.யின் சட்டையை அப்படியே நகலெடுக்க விரும்பவில்லை. அவர்களுடைய சின்னத்தை எடுத்து ஒட்டுவது முறையும் அல்ல. நிறங்களை மட்டும் கடன் வாங்கி, பச்சை உடம்பு, வெள்ளைக் காலர், கைமுனையில் வெள்ளைப் பட்டி என்று நாங்களே வடிவமைத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்ய இருந்தேன், கடைக்காரர் தடுத்தார். மார்பில் பள்ளியின் பெயருக்குக் கீழே 1889 என்று எம்பிராய்டரி போட வேண்டும் என்று கேட்டேன். பாய் குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "அவுங்க பொறந்த வருசத்தை நம்ம நெஞ்சுல போட்டா, பார்க்கிறவங்க நம்ம பள்ளிக்கூடம் 1889ல கட்டுனதுன்னு நெனைப்பாங்களே சார்" என்றார். முற்றிலும் சரி. எங்கள் பள்ளி அவ்வளவு பழையது அல்ல. அதற்கு மாற்றும் அவரே சொன்னார்: காலரின் உள்பக்கம், கழுத்தெலும்பு படும் இடத்தில், அளவு எழுதும் சிறு பட்டைக்குப் பக்கத்தில், வெள்ளை நூலில் 1889 என்று தைப்பது. வெளியே தெரியாது, போடுகிறவனுக்கு மட்டும் தெரியும். 16 சட்டைக்கும் அந்த நான்கு எண்ணைக் கையூசியால் தைத்தவர் பாயின் துணைவியார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. சட்டையைத் தலைவழியாகப் போடும்போதெல்லாம் பிள்ளைகள் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அளவெடுக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. 16 பேரையும் மேலூரிலிருந்து பேருந்தில் அழைத்துப் போனேன். கடையில் இடம் போதாததால் வெளிநடையில் வரிசையாக நிறுத்தி, தோள், மார்பு, கை நீளம், இடுப்பு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நாடா பிடித்து, தன் கோடு போட்ட நோட்டில் எழுதினார். காத்திருந்த நேரத்தில் பையன்கள் மீதிக் கதையைக் கேட்டார்கள். ஏ.பி. ஒன்பது முறை டென்மார்க்கின் சாம்பியன்: 1919, 1921, 1937, 1943, 1945, 1947, 1951, 1952, 1967. இந்த வரிசையில் 1943ஐயும் 1945ஐயும் நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை டென்மார்க்கைப் பிடித்தது. 1945 மே மாதத்தில்தான் நாடு விடுபட்டது. ஆக்கிரமிப்பின் நடுவிலும் லீக் நடந்தது, பட்டம் வழங்கப்பட்டது. நீல்ஸ் போர், தாய்வழியில் யூதர் என்பதால், 1943 இலையுதிர் காலத்தில் படகில் கடல் கடந்து ஸ்வீடனுக்குத் தப்பிச் செல்ல வேண்டியிருந்தது. அவருடைய பழைய கழகம் நாட்டின் சாம்பியனாக இருந்த அதே ஆண்டு அது. இதைக் கேட்டபோது வரிசையில் நின்ற பிள்ளைகள் யாரும் பேசவில்லை.

"எவ்வளவு சம்பளம் குடுத்தாங்க சார்?" என்று நாடாவைக் கழுத்தில் போட்டபடி பாய் கேட்டார். சம்பளமே இல்லை என்றேன். டென்மார்க்கில் 1978 வரை உள்நாட்டுக் கழகங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி இல்லை. பணத்துக்கு ஆட வெளிநாடு போனவர்களை 1971 வரை தேசிய அணியிலும் சேர்க்கவில்லை. ஆடுகிறவர் ஆசிரியராகவோ மருத்துவராகவோ எழுத்தராகவோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் மைதானத்துக்கு வருவார். மாணவர் கழகமான ஏ.பி.க்கு இந்த முறை இயல்பாகவே பொருந்தியது. அதன் பொற்காலமும் இதே காலத்தில்தான் அமைந்தது. அவர்களில் நுட் லுண்ட்பெர்க் என்பவரை என் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன்: அவர் மருத்துவர், பத்திரிகை எழுத்தாளர், கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து மூன்றிலும் டென்மார்க்கின் தேசிய அணிக்கு ஆடியவர். கைப்பந்து என்று நான் சொல்வது வலைக்கு மேல் அடிக்கும் வாலிபால் அல்ல, கையால் கோல் போடும் ஹேண்ட்பால். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனை 5-3 என்று வென்று வெண்கலம் பெற்ற அணியில் அவர் இருந்தார், அவரோடு ஏ.பி.யைச் சேர்ந்த கார்ல் ஆகே ஹான்சனும் இருந்தார். ஹான்சன் பிறகு இத்தாலிக்குப் போய் யுவென்டஸ் வரை ஆடினார். போனதோடு, அன்றைய விதிப்படி, அவருக்குத் தேசிய அணியின் கதவு மூடிக்கொண்டது. அது நியாயமா என்று பையன்களுக்குள் அன்று பேருந்து மேலூர் வந்து சேரும்வரை வாக்குவாதம் நடந்தது. எனக்கு அந்த விதி கடுமையானது என்றே தோன்றுகிறது. ஆனால் அது இல்லாவிட்டால் லுண்ட்பெர்க்கைப் போன்றவர் உருவாகியிருப்பாரா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கோல்கீப்பர் சட்டைகள் இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவை வெள்ளை உடம்பு, பச்சைக் காலர், முழுக்கை. முழங்கையில் உள்பக்கமாக மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்து, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக மெத்தை தைப்பதுபோல ஓட்டியிருக்கிறார். எங்கள் மைதானம் புல் இல்லாத செம்மண். விழுந்தால் சிராய்க்கும் என்று சொன்னதும் அவராகவே செய்தது. நீல்ஸ் போரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: ஒரு ஜெர்மன் அணியோடு நடந்த ஆட்டத்தில், பந்து எதிர்ப்பக்கமே இருந்ததால், அவர் கோல் கம்பத்தின் மேல் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், தொலைவிலிருந்து உருண்டு வந்த பந்தை, பார்வையாளர் ஒருவர் கத்திய பிறகுதான் கவனித்தார். இதைக் கேட்ட பாய், கணக்குப் போடப் பென்சில் வேண்டுமே என்று, இடுப்புப் பக்கம் ஒரு சிறு பை வைத்துத் தரட்டுமா என்று மெய்யான அக்கறையோடு கேட்டார். கூர்மையான பொருள் எதையும் உடம்பில் வைத்துக்கொண்டு ஆடக்கூடாது என்ற விதியைச் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வியில் அவர் எவ்வளவு தூரம் கதைக்குள் வந்துவிட்டார் என்பது தெரிந்தது.

இனிக் குறைகள். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன வேலை அடுத்த புதன்கிழமைதான் கைக்கு வந்தது. முதுகு எண்களை அவர் தாமே போடுவதில்லை. வேறு ஓர் அச்சகத்தில் கொடுத்து வாங்குகிறார். தாமதம் அங்கே நேர்ந்தது. முதல் சலவையில் மூன்று சட்டைகளின் காலர் முனையில் தையல் விட்டது. 7ஆம் எண் சட்டையில் எண்ணின் மேல் மூலை லேசாகத் தூக்கிக்கொண்டது. நான்கையும் எடுத்துப்போனேன், ரசீதைக் கேட்கவே இல்லை. காலர்களை உட்கார வைத்தே பிரித்து இரட்டைத் தையல் போட்டார். எண்ணை முழுதாக உரித்துவிட்டு, மூன்று நாளில் வேறு எண் பதித்துக் கொடுத்தார். அதற்குப் பின் பதினைந்து சலவைக்கு மேல் ஆகிவிட்டது. எண்கள் நிற்கின்றன, பச்சை மங்கவில்லை. வெள்ளைக் காலர் மட்டும் செம்மண் ஏறிப் பழுப்பாகிவிட்டது. இது கடையின் குறை அல்ல. சந்தன நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் முதலிலேயே சொன்னார். வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான். கால்சட்டையின் இடுப்பு எலாஸ்டிக் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம். நாடாவும் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

விலை: சட்டை 380 ரூபாய், கால்சட்டை 220 ரூபாய். கோல்கீப்பர் சட்டை 450, பட்டை வைத்த கால்சட்டை 260. 14 ஜோடிக்கு 8,400, கோல்கீப்பர் இருவருக்கும் சேர்த்து 1,420, ஆக 9,820 ரூபாய், 9,700 வாங்கிக்கொண்டார். முன்பணமாக 4,000 கொடுத்தோம். இதைவிடக் குறைந்த விலையில் ஆயத்த ஜெர்சி கிடைக்கும் என்பது உண்மை. பிரித்துப் பெரிதாக்கலாம், கிழிந்தால் தைத்துத் தருவார், அடுத்த ஆண்டும் இதையே போடலாம் என்பதைக் கணக்கில் எடுத்தால் எங்களுக்கு இது மலிவு. மின்னுகிற துணியில் உடம்பு முழுவதும் வண்ணப்படம் அச்சிட்ட சட்டைதான் வேண்டும் என்பவர்கள் இங்கே போக வேண்டாம். அந்த வேலை இவரிடம் இல்லை. மாசி பிறந்துவிட்டால் சித்திரைத் திருவிழா வேலை வந்துவிடும். அதிலிருந்து அழகர் மலைக்குத் திரும்பும்வரை வேறு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனி, ஆடி மாதங்களில் போவது நல்லது. சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள். வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

சீருடையை வாங்க இரண்டாம் முறை போனபோது பாய் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இப்போது அந்தக் கழகம் எப்படி ஆடுகிறது என்று கேட்டார். 1967க்குப் பிறகு ஏ.பி. சாம்பியன் ஆனதில்லை. சம்பள ஆட்டம் வந்தபின் பணம் உள்ள கழகங்கள் மேலே போயின. 1990களின் தொடக்கத்தில் பழைய கே.பி.யும் பி. 1903 என்ற இன்னொரு பழைய கழகமும் தங்கள் முதல் அணிகளை இணைத்து எஃப்.சி. கோபன்ஹேகனை உருவாக்கின, தலைநகரின் பெரும் பலம் அங்கே குவிந்தது. ஏ.பி. நகருக்கு வடமேற்கே கிளாட்சாக்ஸே என்ற இடத்தில் தன் பெயரோடும் நிறத்தோடும் தனியாகவே நின்றது. 1996இல் மீண்டும் முதல் பிரிவுக்கு ஏறி, 1999இல் டென்மார்க் கோப்பையை வென்றது. 2004இல் கீழே இறங்கியது, இன்னும் மேலே வரவில்லை. ஆனாலும் அங்கிருந்து ஆட்டக்காரர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்: 2004இல் ஸ்டீஃபன் ஆண்டர்சன் என்ற கோல்கீப்பர் அங்கிருந்து இங்கிலாந்தின் சார்ல்டனுக்குப் போனார், 2010இல் நிக்கோலாய் யோர்கன்சன் ஜெர்மனியின் லெவர்குசனுக்குப் போய், பின்பு 2018 உலகக் கோப்பையிலும் டென்மார்க்குக்கு ஆடினார்.

பாய் கடைசிச் சட்டையின் நூல் பிசிறைக் கத்திரித்துக்கொண்டே கேட்டார். "எங்களையும் மண்டபத்துலேருந்து எடம் மாத்துனாங்க. தைக்கிறது தைச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார். பிறகு கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தைத் திறந்து, முதலில் "போர்" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, "டென்மார்க்குப் பச்சை – 16 ஜோடி" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். இந்த ஆண்டு 6ஆம், 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் இளையோர் அணி தொடங்கியிருக்கிறோம். ஆனி மாதத்தில் 14 ஜோடிக்குச் சொல்லியிருக்கிறேன். அதே சுருளில் மிச்சமிருந்த துணியைத் தனியாகச் சுற்றி, மேல் தட்டில் அந்தப் பட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறார். காலர் இந்த முறை சந்தன நிறம்.